புதுப்பிப்பு: டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் சேர்த்து எடுத்தபோது வந்த காய்ச்சல்

வாப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம். இந்த இரண்டு மருந்தும் தொடங்கியதிலிருந்து குளிர்காய்ச்சல், ஒன்றை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கீழக்கரையில் மலேரியா என்று நினைத்து ரத்தம் எடுத்தார்கள், இல்லை. "நீங்களா நிறுத்தாதீங்க, காய்ச்சல் தலைகாட்டியதுமே புற்றுநோய் டாக்டருக்குப் போன் போடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மதுரை டாக்டர் இரண்டையுமே நிறுத்தச் சொன்னார். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் கழித்து, அதே அளவில் மறுபடி தொடங்கினோம். மூன்று வாரமாகக் காய்ச்சல் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: டிராமெட்டினிப் மாத்திரையை 2 முதல் 8 டிகிரியில், அதாவது ஃபிரிட்ஜில், வைக்க வேண்டுமாம். நாங்கள் அலமாரியில் வைத்திருந்தோம்! அப்புறம் புது டப்பா வாங்கினோம். கரண்ட் போனால் மீன் ஐஸ்பெட்டிதான். ஐஸ் நேரே படாமல் துண்டில் சுற்றி.