வெட்டாமல் விட்ட சிப்பாய்

சேலத்தில் நடந்த பதினொரு வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டியில் என் மகளுக்குக் கறுப்புக் காய். எதிரில் ஏற்காட்டுப் பையன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த களைப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், இனி நான் சொல்வதெல்லாம் நகர்வுகளை அவள் எழுதிவைத்த ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துத்தான்.

ஆட்டத்தின் தொடக்கம் ‘இத்தாலியன் ஓப்பனிங்’ என்கிற வகை. அவள் இரண்டு குதிரைகளையும் வெளியே கொண்டுவந்ததுமே பையன் தன் குதிரையை ஜி5-க்குத் தாவவிட்டான் (கட்டத்தின் பெயர் அது: எழுத்து நெடுக்கு வரிசைக்கு, எண் குறுக்கு வரிசைக்கு). அந்தக் குதிரையும் சி4-இல் நிற்கும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கும்; அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. அவள் டி5-க்குச் சிப்பாயைத் தள்ள, அவன் வெட்டினான். இங்கேதான் பொறி. குதிரையால் திருப்பி வெட்டினால் பிள்ளைகள் ‘ஃபிரைடு லிவர்’ என்று சொல்லும் தாக்குதல் வந்துவிடும்: அவன் குதிரையை எஃப்7-இல் பலி கொடுத்து, ராஜாவை நடு பலகைக்கு இழுத்துவிடுவான்.

அவள் வெட்டவில்லை. குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பை மிரட்டினாள். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்வார்கள், ஆனால் இந்த இடத்தில் அதுதான் சரி. ஒரு சிப்பாய் போகும், போகட்டும். பத்து நகர்வு முடிந்தபோது அவன் குதிரை நான்கு முறை, பிஷப் மூன்று முறை நகர்ந்திருந்தன. மற்ற காய்கள் வீட்டை விட்டே கிளம்பவில்லை! ஜெர்மனியின் பழைய சதுரங்க மேதை டாராஷ் இந்த ஜி5 தாவலை அரைகுறைகளின் ஆட்டம் என்று திட்டியவர். எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது, கிராண்ட்மாஸ்டர்களும் ஆடுகிறார்களே.

அப்புறம் ராணிகள் போய், ஆட்டம் டிராவில் முடிந்தது.

வெளியே திண்ணையில் தட்டுவடை செட்டு தின்றுகொண்டே இருவரும் பலகையைத் திரும்ப அடுக்கினார்கள். “நீ ஏன் குதிரையால வெட்டல?” என்றான். அவள் ராஜா மாட்டிக்கொள்வதைக் காட்டினாள். தலையாட்டிவிட்டு, “சரி, எட்டாவது நகர்வுல பிஷப்பை ஈ2-க்குப் பதிலா டி3-ல வெச்சிருந்தா? உன் சிப்பாய் ஈ4-க்கு வந்து என் குதிரையை விரட்ட முடியாதுல்ல?” என்றான். அவளிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அவள் சாரிடம் கேட்டால், அந்த பிஷப்புக்குப் பின்னால் டி வரிசைச் சிப்பாய் அடைபட்டாலும் பெரிய ஆட்டக்காரர்கள் அதையும் ஆடுகிறார்களாம். பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை, அந்தத் திண்ணையிலேயே யோசித்ததுதான்.