'பே இட் ஃபார்வர்ட்' படத்தை எட்டாம் வகுப்புக்குப் போடலாமா? அந்த மூன்று பேர் கணக்கு நிஜத்தில் நிற்குமா?

வெண்பலகை:
மிமி லெடர் இயக்கத்தில் 2000-இல் வந்த 'பே இட் ஃபார்வர்ட்' படத்தைப் பள்ளித் திரைப்பட மன்றத்தில் போட எண்ணம். பார்ப்பவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர். ட்ரெவர் என்ற சிறுவன் மூன்று பேருக்கு உதவிவிட்டு, 'எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டாம், நீங்கள் வேறு மூன்று பேருக்குச் செய்யுங்கள்' என்பானே, அந்தப் படம். முடிந்த பிறகு பிள்ளைகளையும் அதேபோல் ஒரு மாதம் செய்ய வைக்க வேண்டும்.

எந்தக் காட்சிகளில் கவனம் தேவை, வெட்டலாமா? கதை முன்னும் பின்னும் போகிறதே, குழம்ப மாட்டார்களா? மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று பெருகும் கணக்கு எந்த இடத்தில் அறும்? பயிற்சியை எப்படி நடத்தினால் வெறும் சடங்காகிவிடாமல் இருக்கும்?

ரீல்பெட்டி:
படம் 123 நிமிடம். 45 நிமிடப் பாடவேளை மூன்று எடுத்தால் கடைசியில் 12 நிமிடம் மிஞ்சும். அந்த 12 நிமிடம் கட்டாயம் வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கு பிஜி-13 சான்று, அதாவது 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனம் தேவை. நீங்கள் முன்பே பார்த்துக் குறித்துவைக்க வேண்டியவை: தாய் ஆர்லீனின் குடிப்பழக்கம், ட்ரெவர் உதவும் வீடற்ற ஜெர்ரியின் போதைப்பழக்கம், ஆசிரியர் சிமோனே தன் முகத்துத் தீக்காயத்துக்கு அப்பாதான் காரணம் என்று சொல்லும் இடம், பாலத்திலிருந்து குதிக்க நிற்கும் பெண், முடிவில் ட்ரெவரின் உயிரைப் பறிக்கும் கத்திக்குத்து. குடிகாரத் தகப்பன் உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். முதல் நாளே 'இந்தப் படத்தில் இவையெல்லாம் வரும், எழுந்து போக நினைப்பவர் போகலாம்' என்று சொல்லிவிடுங்கள். சிறார் உதவி எண் 1098-ஐயும் பலகையில் எழுதிவையுங்கள்.

பாலத்துக் காட்சியை மட்டும் வெட்டாதீர்கள். ஜெர்ரி மறுபடி போதைக்குப் போனதும் தன் திட்டம் தோற்றது என்றுதான் ட்ரெவர் நினைக்கிறான். அந்த ஜெர்ரிதான் பாலத்தில் அந்தப் பெண்ணைத் தடுத்து நிறுத்துகிறான். அதை எடுத்துவிட்டால் படத்தின் முதுகெலும்பே போய்விடும்.

குழப்பத்துக்கு வழி எளிது. நிருபர் கிறிஸின் கதை நிகழ்காலத்தில் தொடங்கி, இதை ஆரம்பித்த ஆளைத் தேடிப் பின்னோக்கிப் போகிறது. ட்ரெவரின் கதை நான்கு மாதம் முன்பு தொடங்கி முன்னோக்கி வருகிறது. பலகையில் இடமிருந்து வலமாக ட்ரெவர், ஆர்லீன், பாட்டி கிரேஸ், அவர் உதவும் இளைஞன் சிட்னி, வழக்கறிஞர், நிருபர் என்று ஆறு வட்டம் போடுங்கள். வலது கடைசி வட்டத்தில் மட்டும் பெயர் எழுதி, மற்றதை வெறுமையாக விடுங்கள். ஜாகுவார் கார் கைமாறும் முதல் காட்சியிலிருந்து பிள்ளைகளே ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போவார்கள்.

முடிவு கடுமையானது. மெழுகுவர்த்தி ஊர்வலம் ஓடும்போதே மணி அடித்து வெளியே அனுப்பிவிடக் கூடாது. மிஞ்சும் 12 நிமிடம் அதற்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
காகிதத்தில் 20 படி ஏறினால் அந்தப் படியில் மட்டும் 348 கோடிப் பேர், 21-ஆம் படியில் 1,046 கோடி. உலக மக்கள்தொகையே தாண்டிவிடும். யாரும் விடாமல் செய்தால், ஒரே ஆளுக்கு இரண்டு முறை உதவி போகாமலிருந்தால். இந்த இரண்டும்தான் நடக்காது.

உங்கள் 40 பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று பேருக்கு உதவினால் 120 பேர். அவர்களில் சரியாக மூன்றில் ஒருவர் தொடர்ந்தால் 40 பேர் மூன்று உதவி செய்வார்கள், மறுபடி 120. வளரவும் இல்லை, தேயவும் இல்லை. நான்கில் ஒருவர்தான் தொடர்கிறார் என்றால் 120, 90, 68, 51 என்று கரையும். பாதிப் பேர் தொடர்ந்தால் 120, 180, 270, 405. ஆக, எல்லைக்கோடு மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பேர் என்று விதி வைத்திருந்தால் எல்லைக்கோடு இரண்டில் ஒருவர் என்று ஏறியிருக்கும், அது மிகக் கடினம். ஐந்து பேர் என்றால் கோடு இறங்கும், ஆனால் ஐந்து பெரிய உதவியைக் கேட்டாலே ஆள் ஒதுங்கிவிடுவார். மூன்று என்பது நல்ல தேர்வு.

சராசரி நன்றாக இருந்தாலும் தனித்தனிச் சங்கிலி அறும் என்பதையும் சொல்லுங்கள். பாதிப் பேர் தொடரும் நிலையிலும் 100 சங்கிலி தொடங்கினால் ஏறக்குறைய 24 அறுந்தே தீரும். எந்தப் பிள்ளையும் 'என்னுடையதுதான் தோற்றது' என்று முகம் வாடக் கூடாது.

அடுத்த தடை, வட்டம் மூடிக்கொள்வது. 500 பேர் உள்ள பள்ளிக்குள்ளேயே சுற்றினால் ஒரே பிள்ளையின் சங்கிலிக்கே ஆறாம் படியில் 729 பேர் வேண்டும், ஆளே இல்லை. உதவி பெறும் மூவரில் ஒருவராவது வேறு தெரு, வேறு ஊராக இருக்கட்டும்.

2014-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு காபிக் கடையில் பின்னால் வருபவருக்குப் பணம் கட்டும் வரிசை 378 பேர் வரை போனது செய்தியானது. அதை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஒருவருக்கு ஒருவர்தான், ஒரு ஆள் விலகினால் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு 99 பேர் தொடர்வார்கள் என்று வைத்தாலும் 378 பேரைக் கடக்கும் வாய்ப்பு 2 விழுக்காடுதான்.

திண்ணைவாசகி:
படத்தின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'கைம்மாறு' சரிவராது, அது கொடுத்தவருக்கே திரும்புவது. 'கைமாற்று' நெருங்கி வரும். வட்டியில்லாமல் வாங்கிய சிறுகடன், ஆனால் அடைப்பது வேறொருவருக்கு. 1784 ஏப்ரலில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாரிஸ் அருகே பாஸியிலிருந்து பெஞ்சமின் வெப் என்பவருக்குப் பத்து லூயி தங்கக் காசுக்கான பணமுறி அனுப்பியபோது எழுதியது அச்சு அசல் இதுதான். இதைத் தானமாகத் தரவில்லை, கடனாகத் தருகிறேன், உம்மைப்போல் நெருக்கடியில் இருக்கும் நேர்மையான ஒருவருக்குக் கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொள்ளும் என்றார். ஏதோ ஒரு கயவனிடம் போய் நிற்கும்வரை பல கைகள் மாறட்டும் என்றும் எழுதினார். அறுந்துபோகும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

இனிப் பயிற்சி. படத்தில் ட்ரெவர் வைக்கும் விதிகளில் முக்கியமானது, உதவி பெறுபவர் தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மிட்டாய் கொடுத்தேன், பேனா கொடுத்தேன் என்று மூன்று நாளில் கணக்கை முடித்துவிடுவார்கள். அதனால் பணமும் பொருளும் கூடாது, நேரமும் உழைப்பும் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண் மங்கியவருக்குக் கடிதம் படித்துக் காட்டுவது, வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு பின்னத்தைப் பத்து நாள் சொல்லித் தருவது, பேருந்தில் வர முடியாத முதியவரை மருத்துவமனைக்குப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து அழைத்துப் போவது. வங்கிப் படிவம் நிரப்பலாம், ஆனால் ஓடிபி, அட்டை எண் இருக்கும் பக்கமே போகக் கூடாது.

ட்ரெவர் வீடற்ற ஜெர்ரியை வீட்டுக்கு அழைத்து வந்ததைப் பிள்ளைகள் அப்படியே செய்துவிடக் கூடாது. அறிமுகமில்லாதவர் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இதில் தளர்வே வேண்டாம்.

வெண்பலகை:
மிக்க நன்றி. ஒவ்வொருவரிடமும் அட்டை கொடுத்து யாருக்கு உதவினோம் என்று எழுதி வாங்கலாமா?

திண்ணைவாசகி:
பெயர் வேண்டாம் அம்மா. உதவி பெற்றவருக்கு அது கூச்சம், பிள்ளைகளுக்கோ போட்டியாகிவிடும். தேதி, என்ன உதவி, எத்தனை மணி நேரம் என்று மூன்று வரி போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் வைத்து, அவரவர் மூன்று அட்டையிலும் அதையே எழுதிக் கொடுங்கள், பெற்றவர் அடுத்தவரிடம் அந்த எண்ணைச் சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து எந்த எண் எவ்வளவு தூரம் போனது என்பது கணக்குப்பிள்ளை சொன்ன வரிசையோடு வைத்துப் பார்க்க உதவும். ஊர் முழுக்கச் சேகரிக்க முயல வேண்டாம், இரண்டாம் படி வரை தெரிந்தாலே போதும்.