டென்டல் ஹைஜீனிஸ்ட் கோர்ஸ்: ஆறு மாதச் சான்றிதழ் செல்லுமா?

கேள்வி (விழுப்புரம்வாசி):
தங்கை +2 பயாலஜி குரூப் முடித்திருக்கிறாள். "டென்டல் அசிஸ்டென்ட் கம் ஹைஜீனிஸ்ட்" என்று ஆறு மாதக் கோர்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு ஸ்கேலிங் (பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்யலாமா? எங்கள் பக்கத்திலேயே வேலை கிடைக்குமா?

பல்லவன்:
செய்யக் கூடாது. ஸ்கேலிங், கிளீனிங், பாலிஷிங், பல் சுகாதாரம் சொல்லித் தருவது, இவைதான் ஹைஜீனிஸ்ட் வேலை என்று 1948 பல் மருத்துவர்கள் சட்டமே வரையறுத்திருக்கிறது. அதற்கு இரண்டு வருட டிப்ளமோ வேண்டும். முடித்ததும் மாநில டென்டல் கவுன்சிலில் பதிய வேண்டும். ஆறு மாதக் கோர்ஸ் முடித்தால் டாக்டருக்குப் பக்கத்தில் உதவிக்கு நிற்கலாம், அவ்வளவுதான். கல்லூரிக்கு பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டம்) அங்கீகாரம் இருக்கிறது என்று காட்டுவார்கள், நம்பிவிடாதீர்கள். ஹைஜீனிஸ்ட் கோர்ஸுக்கு அங்கீகாரம் தனி. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கியூரெட்:
பயிற்சி எப்படி நடக்கிறது என்றும் விசாரியுங்கள் சகோ. பல இடங்களில் அதிர்வால் காரையை உடைக்கும் அல்ட்ராசோனிக் மெஷினை மட்டும் பழக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஈறுக்கு அடியில் இருக்கும் காரையைத் தொட்டு உணர கைக்கருவிப் பழக்கம் அவசியம். கிரேசி கியூரெட் என்ற சுரண்டும் கைக்கருவியில் கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கு 11/12 எண் கருவி, பின்பக்கத்துக்கு 13/14. இது கையில் படிய மாதக்கணக்கில் ஆகும். மெஷினிலும் டிப்பின் (பல்லைத் தொடும் முனைப் பகுதி) பக்கவாட்டைப் பல்லோடு 0 முதல் 15 டிகிரிக்குள் ஒட்டிப் பிடிக்க வேண்டும். கூர்முனையால் குத்தினால் வேரில் கீறல் விழும். டிப் 1 மி.மீ. தேய்ந்தாலே திறன் சுமார் கால்வாசி குறையும், 2 மி.மீ. என்றால் பாதி போய்விடும். அதைக் கவனிக்காதவர்கள் அழுத்திச் செய்வார்கள், வலி நோயாளிக்கு. தேய்மானம் காட்டும் டிப் கார்டை வைத்து அளந்து பார்க்கச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள், பயிற்சியின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

தென்றல்:
வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பெரிய மருத்துவமனை, செயின் கிளினிக், பல் மருத்துவக் கல்லூரியின் பெரியோ (ஈறு சிகிச்சை) பிரிவு ஆகிய இடங்களில் கிடைக்கும். சின்ன ஊரில் கஷ்டம். பி.டி.எஸ். முடித்தவர்களே குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பதால் கிளினிக்காரர் தனியாக ஹைஜீனிஸ்ட் வைப்பதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பணியிடங்கள் சொற்பம். இலங்கையில் மகரகமவில் பயிற்சி தந்து, பள்ளிப் பல் சிகிச்சையாளர்களைப் பள்ளிக்கூடக் கிளினிக்குகளுக்கே அனுப்புகிறார்கள். இங்கே பணியிடத்தை உருவாக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தால், படித்தவர்கள் நகரத்தில்தான் குவிவார்கள்.

வெளிநாட்டுக் கனவு காட்டினாலும் உஷார். அமெரிக்காவில் மாநில லைசென்ஸுக்குப் பொதுவாக அங்கே அங்கீகரித்த படிப்பைத்தான் கேட்பார்கள், நம் டிப்ளமோவை வைத்து நேரே போய்விட முடியாது.

விழுப்புரம்வாசி:
நன்றி. நாளைக்கே அங்கீகாரக் கடிதம் கேட்கிறேன்.

பல்லவன்:
கடிதத்தில் கோர்ஸின் பெயர், எத்தனை சீட், எந்த வருடம் வரை செல்லும், மூன்றையும் பாருங்கள். பணம் கட்டுவது அதற்கப்புறம்.