கை நுழையாத முன்கை: முதன்முதலாகப் பிளாஸ்டிக் கவசம் கட்டிய அனுபவங்கள்

நண்பர்களே, வணக்கம். நான்கு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்த என் முதல் கவசத்தைப் போன வாரம் முழுசாக அணிந்து பார்த்துவிட்டேன். தலை முதல் கால் வரை வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக், விண்வெளிப் படைவீரன் உடை. இதற்கு முன்னால் இப்படி ஒரு தகட்டை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஏற்கெனவே கட்டியவர்கள் உங்கள் கதையையும் கீழே சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

பாகங்களாக வாங்கிய கிட்டின் பெட்டியைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. படத்தில் பார்த்த கவசம் உள்ளே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய வெள்ளைத் தகடுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரலகலத்துக்கு வேண்டாத பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தது. எது இடது, எது வலது, எது மேல்கை, எது முன்கை என்று ஒரு குறிப்பும் இல்லை. முதல் வாரம் முழுக்க நான் கத்தியையே எடுக்கவில்லை. தரையில் ஒரு மனித உருவம் மாதிரி தகடுகளைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பென்சிலால் பெயர் எழுதினேன். அந்த ஒரு வாரம் வீண்போகவில்லை. தொடைத் தகடுகளில் இடதையும் வலதையும் நான் முதலில் மாற்றித்தான் வைத்திருந்தேன். அப்படியே வெட்டியிருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இளகவைத்து, அச்சின் மேல் படியவைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துத்தான் இந்தத் தகடுகளைச் செய்கிறார்கள். வேக்வம் ஃபார்மிங் என்று பெயர். தாள் எங்கே ஆழமாக இழுபடுகிறதோ அங்கே மெலிந்துவிடும். ஒரு மார்புத் தகட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும், மூலைகளில் பளிச்சென்று ஊடுருவும். அந்தப் பளிச் இடங்கள்தான் நாளைக்கு விரிசல் விடப்போகிற இடங்கள். அங்கேயெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவைத்தேன்.

வெட்டுவதற்கு எனக்குக் கைகொடுத்தது மிகச் சாதாரணமான முறை. கோட்டின் மேல் கட்டர் கத்தியை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுக்க வேண்டும். ஆழமாக அழுத்தத் தேவையில்லை, ஒரு கீறல் விழுந்தால் போதும். பிறகு அந்தக் கோட்டில் தகட்டை முன்னும் பின்னும் மடக்கினால் 'டக்' என்று சுத்தமாக விட்டுவிடும். வளைவான இடங்களுக்கு, ரிமோட் கார்களின் மேலுடலை வெட்டப் பயன்படுத்துகிற வளைந்த கத்தரிக்கோல் நல்லது. சுழலும் மின்கருவியை நான் ஒரே ஒரு தடவைதான் தொட்டேன். வேகம் கூடியதும் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய வாய் பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. அந்தக் கருவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

சரி, முன்கை கதைக்கு வருகிறேன். சிறிய பாகம், தவறினாலும் பெரிய இழப்பில்லை என்று முன்கையில்தான் தொடங்கினேன். அது இரண்டு பாதிகளாக வரும். இரண்டையும் கைமேல் வைத்து, எங்கே சந்திக்கின்றன என்று பார்த்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, மூட்டு வாயை வாயோடு வைத்து, அந்த இணைப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்து ஒட்ட வேண்டும். நான் கையோடு இறுக்கமாக, அழகாக, சட்டைக்கை மாதிரி அளவெடுத்தேன். ஒட்டினேன். காந்தங்களை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வரிசையாகப் பிடிக்கவைத்தேன். மறுநாள் காந்தங்களை எடுத்துவிட்டுக் கையை நுழைத்தால், உள்ளங்கை மணிக்கட்டு வாயில் முட்டி நிற்கிறது! மணிக்கட்டை அளந்தவன் உள்ளங்கையின் அகலத்தை மறந்துவிட்டேன். முன்கைக் கவசத்துக்குள் போக வேண்டியது முன்கை மட்டுமில்லை. விரல்களைக் குவித்த முழுக்கையும் அந்த வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது நான் தேர்ந்தெடுத்த பசை. ஈ-6000 என்கிற அந்தப் பசை ரப்பர் மாதிரி இறுகும். பிடிக்க 24 மணி நேரம், முழுசாக இறுக 72 மணி நேரம் வரை ஆகும். பொறுமை வேண்டும். ஆனால் இழுத்துப் பிரிக்க முடியும், பிரித்த இடத்தில் விரலால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். சூப்பர் க்ளூ போட்டிருந்தால் அந்த இரண்டு பாதிகளும் உடைந்துதான் பிரிந்திருக்கும். பட்டையைப் பிரித்தேன். வெட்டிய அளவு வெட்டியதுதான். அதனால் இரண்டு வாய்களையும் கொஞ்சம் விலக்கிவைத்து, இடைவெளியை மறைக்கிற அளவுக்கு அகலமான பட்டை போட்டு மறுபடி ஒட்டினேன். இன்றைக்கு அந்தக் கையை யாருக்காவது காட்டினால் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு பாகத்தையும் நான் நேராக ஒட்டவில்லை. மாஸ்கிங் டேப் போட்டு உடம்பின் மேலேயே சேர்த்து, கையை மடக்கி, தூக்கி, நடந்து, குனிந்து பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டி, அதற்குப் பிறகுதான் பசை. வெட்டும்போதும் ஒரே பக்கத்திலிருந்து முழு மிச்சத்தையும் எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால்தான் மூட்டு நடுவில் நிற்கும். டேப் சுருள் பல தீர்ந்தன. பதறாத காரியம் சிதறாது என்று பாட்டி சொல்வார்கள். இந்த வேலையில் அது வரிக்கு வரி உண்மை.

மறுமொழி 1

அண்ணா, முன்கை கதை அப்படியே என் கெண்டைக்கால் கதை. எனக்கு வாய் இறுகவில்லை, விரிந்துகொண்டது. முன்பாதியும் பின்பாதியும் மேலே சந்திக்கின்றன, கீழே ஒரு விரல் கடை விலகி நிற்கின்றன. கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டினேன். பசை பிடித்தது. ஆனால் தகடு உள்ளுக்குள் விறைத்துக்கொண்டே இருந்து, மூன்றாம் நாள் ராத்திரி தானாகப் பிய்த்துக்கொண்டது. சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தேன்.

பசையால் வளைவை அடக்க முடியாது, வளைவையே மாற்ற வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. முதலில் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் எடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் தகட்டின் மேல் ஒரு ரூபாய்க் காசளவுக்குக் கொப்புளம் கிளம்பிவிட்டது. அந்தத் தழும்பை உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பள்ளம்தான் ஆழமானது.

பிறகுதான் வெந்நீர் முறை தெரிந்தது. ஏபிஎஸ் நன்றாக இளக ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொதிக்கிற தண்ணீர் அதற்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். அதனால் தகடு உருகாது, கொப்புளிக்காது, ஆனால் வளைந்துகொடுக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வளைக்க வேண்டிய ஓரத்தை மட்டும் அரை நிமிஷம் முக்கி, தடித்த ரப்பர் கையுறையோடு எடுத்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். விட்டதும் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும், அதற்குத்தான் அந்தக் கூடுதல். நான்கைந்து தடவை முக்கி எடுத்ததும் என் கால் தகடுகள் கையால் தொடாமலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு பசைக்கு வேலையே இல்லை, சும்மா பிடித்துக்கொண்டால் போதும்.

மறுமொழி 2

நான் 155 சென்டிமீட்டர் உயரம். என் கிட் என்னைவிட ஒரு சாண் உயரமான ஆணுக்குச் செய்த அளவு. முதன்முதலாக டேப் போட்டு நின்றபோது தொடைத் தகடு கவட்டையில் இடிக்கிறது, கால் தகடு முழங்காலைத் தாண்டி நிற்கிறது, மார்புத் தகட்டுக்குக் கீழே வயிற்றுத் தகடு முக்கால்வாசி மறைந்துவிட்டது. அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. இது நமக்கான உடையில்லை என்றே நினைத்துவிட்டேன்.

அம்மாதான் "முழுசாப் போட்டுக்கிட்டு நட, நான் பாக்கறேன்" என்றாள். அவளுக்கு இந்த உடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் தையல் வேலை செய்தவள். சுண்ணாம்புக் கட்டிக்குப் பதில் பென்சிலோடு என்னைச் சுற்றி வந்தாள். "அலங்காரக் கோடு இருக்கிற பக்கம் கைவைக்காதே, வெறுமையா இருக்கிற பக்கம் எடு" என்று சொல்லிக் கோடு போட்டுக் கொடுத்தாள். அதன்படி தொடையை மேலிருந்து குறைத்தோம். கால் தகட்டை முழங்காலின் பின்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம், ஒவ்வொரு தடவையும் அரை சென்டிமீட்டர்தான். எடுத்துவிட்டு நடப்பேன், உட்காரப் பார்ப்பேன், மறுபடி எடுப்போம். கண்ணாடி முன்னால் நிற்கும்போது பொருந்துவது வேறு, படியேறும்போது பொருந்துவது வேறு. முழங்கால் மடங்குகிற இடத்தில் வெட்டிய ஓரம் சதையைக் கவ்வும். அங்கேயும் அக்குளிலும் ஓரத்தை அரத்தால் உருட்டி, உப்புத்தாளில் 400, 800, 1000 என்று மேலும் மேலும் நைசான எண்ணுக்கு ஏறிக்கொண்டே போய்த் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன்.

பட்டிகள் கட்டியதும் அம்மாவின் யோசனைதான். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக் கூடாது, தொங்க வேண்டும். மார்பிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து இடுப்பு என்று நைலான் நாடாவின் முனையில் பிரஸ் பட்டன் அடித்து, பட்டன் இருக்கிற சின்னத் துண்டைத் தகட்டின் உள்ளே ஒட்டினோம். அசைய வேண்டிய தோளுக்கும் மேல்கைக்கும் மட்டும் எலாஸ்டிக். எலாஸ்டிக்கை எல்லா இடத்திலும் போட்டால் நடக்க நடக்க மொத்தக் கவசமும் கீழே இறங்கும், அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

நம் முதுகை நாமே பார்க்க முடியாது. தனியாகக் கட்டுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது யாரையாவது கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3

என் அனுபவம் கட்டி முடித்த பிறகு நடந்தது. முதல் தடவை வெளியே அணிந்துபோன அன்றே, ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில், கீழே விழுந்த பொம்மையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். இடுப்பின் பக்கவாட்டில் 'பட்' என்றது. வயிற்றுத் தகட்டின் கூர்மையான உள்மூலையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்த மூலையைக் கத்தியால் நேர்கோணமாக வெட்டியிருந்தேன். உள்மூலை எதுவாக இருந்தாலும் வளைவாக வெட்டுங்கள், இழுவிசை எல்லாம் கூர்மையான இடத்தில்தான் வந்து குவியும்.

சரிசெய்தது இப்படி. விரிசல் முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை போட்டேன், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டிப்போட்ட மிச்சத் துண்டுகளை நான் தூக்கி எறியவில்லை, நல்லவேளை. அவற்றைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி மூடிவைத்தால் கூழாகிவிடும். உள்பக்கம் ஒரு துண்டுத் தகட்டை ஒட்டித் தாங்கு கொடுத்து, வெளிப்பக்கம் விரிசலில் இந்தக் கூழைக் குச்சியால் நிரப்பினேன். அசிட்டோன் ஆவியாகிப் போனதும் அதே பிளாஸ்டிக், அதே வெள்ளை. ஒரே தடவையில் தடிமனாகப் பூசாதீர்கள், அடியில் இருக்கிற தகடும் இளகிக் குழிந்துவிடும். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

இன்னொன்று. வெயிலில் நிறுத்திய காருக்குள் கவசத்தை விட்டுப்போகாதீர்கள். என் ஒரு தோள் மூடி அப்படித்தான் நெளிந்துபோனது.

தொடங்கியவர், மறுபடி

எல்லோருக்கும் நன்றி. தையல் தெரிந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பட்டிகளை நானும் அந்த முறையில் மாற்றப்போகிறேன். இப்போது என்னுடையது எல்லாம் எலாஸ்டிக்தான், பத்து நிமிஷம் நடந்தால் வயிற்றுத் தகடு இறங்கிவிடுகிறது. காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

தனிமடலில் ஒரு தம்பி, பெட்டி வந்து இரண்டு மாதமாகிறது, வெட்டப் பயமாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தார். தம்பி, பாகத்தைத் தொடாதே. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த வேண்டாத பிளாஸ்டிக்கில் தொடங்கு. கோட்டுக்கு வெளியே ஒரு அங்குலம் தள்ளிக் கீறு, மடக்கு, அந்த 'டக்' சத்தத்தைக் கேள். பத்துத் துண்டு அப்படி எடு. அதிலேயே இரண்டை வாயோடு வாய் வைத்துப் பட்டை போட்டு ஒட்டிப் பார், ஒரு துண்டை வெந்நீரில் முக்கி வளைத்துப் பார். மீதியை ஒரு புட்டியில் போட்டுவை, கூழுக்கு ஆகும். அப்புறம் மேல்கைக்குப் போ. முன்கைக்கு வரும்போது விரல்களைக் குவித்து, உள்ளங்கையின் அகலத்தை அளந்து, தகட்டின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு.