கட்டுவிரியன் கேள்விக்கு "விஷம் நரம்பைத் தாக்கும்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள்

விலங்கியல் டீச்சர்:
பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. நரம்பும் தசையும் சேரும் இடத்தை நடத்தி முடித்தாயிற்று. படம் அழகாகப் போடுகிறார்கள், நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் "கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சு ஏன் நின்றுபோகிறது?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே வரி: விஷம் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. ஒரு பையன், "உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள ஓய்வெடுக்கிறது" என்று எழுதியிருக்கிறான்! போட்ட படத்தில் இருக்கும் எதுவும் விளக்கத்துக்குள் வரவில்லை. கடிக்கும் மூச்சுக்கும் நடுவில் நடப்பதை அவர்களாகவே யோசித்து எழுத என்ன செய்யலாம்? அதே பாடத்தை மறுபடி நடத்திப் பயனில்லை என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
டீச்சர், ஒரு பாம்பைக் கேட்டால் ஒரு வரிதான் வரும். கூடவே நல்ல பாம்பையும் கேளுங்கள். இரண்டு கடியிலும் இமை சரியும், மூச்சுத் தசை ஓயும். நியோஸ்டிக்மின் ஊசி போட்டால் நல்ல பாம்பு கடித்தவருக்கு இமை மேலே ஏறலாம். கட்டுவிரியன் கடித்தவருக்குப் பெரும்பாலும் ஏறாது. ஏன்? இரண்டுமே நரம்பைத் "தாக்கும்" பாம்புகள்தானே?

ஒவ்வொரு படியையும் தனிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நரம்பு முனைக்குத் தூண்டல் வருகிறது, கால்சியம் நுழைகிறது, பைகள் அசிட்டைல்கோலினைக் கொட்டுகின்றன, அது தசையின் ஏற்பியில் ஒட்டுகிறது, சோடியம் நுழைகிறது, தசை சுருங்குகிறது. அசிட்டைல்கோலினை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதிக்கும் ஒரு சீட்டு. நியோஸ்டிக்மின் தடுப்பது இந்த நொதியை. அதை மட்டும் சொல்லிவிட்டு, எந்தச் சீட்டு கெட்டால் இந்த மருந்து பலிக்கும், எது கெட்டால் பலிக்காது என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். சண்டை போட்டுக்கொள்வார்கள், போடட்டும்.

நல்ல பாம்பின் நஞ்சு ஏற்பியில் உட்கார்ந்து மறிக்கிறது. அசிட்டைல்கோலின் குவிந்தால் முண்டியடித்து இடம் பிடிக்கலாம். கட்டுவிரியனின் முக்கிய நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. கொட்டவே ஆளில்லாத இடத்தில் நொதியைத் தடுத்து என்ன ஆகப்போகிறது?

"தாக்கும், பாதிக்கும், உதவும்" ஆகிய மூன்றுக்கும் என் வகுப்பில் தடை. எது, எதை, என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அறிவியல் தத்துவ அறிஞர்கள் மக்காமர், டார்டன், கிரேவர் 2000-இல் எழுதிய கட்டுரையும் இயங்குமுறையைப் பொருள்கள், அவற்றின் செயல்கள் என்றுதான் பிரிக்கிறது. மற்ற தத்துவ விசாரணை நமக்கு வேண்டாம்.

மார்க் முக்கியம்:
சீட்டையும் மனப்பாடம் பண்ணிடுவாங்க சார். விடைக்குறிப்பில் இல்லாததை எழுதினா மார்க் போயிடுமோன்னு பயம் வேற.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பண்ணட்டுமே. வரிசை தெரியாமல் எதைக் கெடுத்துப் பார்ப்பது? அடுத்து மையஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோயைக் கொடுங்கள். அதில் எதிர்ப்பொருள்கள் ஏற்பியைக் குலைக்கின்றன. நியோஸ்டிக்மின் பலிக்குமா என்று கேட்டால், வெறுமனே ஒப்பித்தவன் அங்கே திணறுவான்.

ஐசியூ செவிலியர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நச்சுமுறி மருந்து, ரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். சிதைந்த நரம்பு முனையை அதனால் சரிசெய்ய முடியாது. முனை மறுபடி வளரும்வரை வென்டிலேட்டர்தான், நாள்கணக்கில். "மருந்து போட்டும் ஏன் மூச்சு வரலை?" என்று உறவினர்கள் கேட்பதற்குப் பதில் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: கட்டுவிரியன் கடித்த தடம் தெரியாமலே போகலாம், வலியும் அதிகம் இருக்காது. ராத்திரி தரையில் படுத்தவருக்குக் காலையில் வயிற்றுவலி, இமை சரிகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

விலங்கியல் டீச்சர்:
இன்று செய்து பார்த்தேன். பாதிப் பேர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "பாம்பே கடிக்காதவங்களுக்கு அந்த நொதியைத் தடுத்தா என்னாகும் மிஸ்?" என்றாள். சில பூச்சிமருந்துகள் அதைத்தான் செய்கின்றன என்று மட்டும் சொன்னேன். சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "அப்போ அசிட்டைல்கோலின் தீராது, தசை துடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றாள். அவள் அப்பா மருந்து தெளிக்கப் போகிறவராம்.

ஐசியூ செவிலியர்:
சரியாகச் சொல்லியிருக்கிறாள். துடிப்பு முதலில், அப்புறம் தசை தளர்ந்துவிடும். அவளுக்கு அடுத்த கேள்வி: அந்தப் பூச்சிமருந்து நஞ்சுக்கு மாற்றாகக் கொடுக்கும் அட்ரோபின் போட்டால் எச்சிலும் நுரையீரல் சளியும் குறைகின்றன, தசைத் தளர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏற்பிச் சீட்டை இரண்டாகக் கிழிக்க வேண்டியிருக்கும்.