10–13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, நம்ம வீடு மாதிரி வீடு வரும் கதைப் புத்தகம் எது?

ஹட்டன்_வாசகி:

வணக்கம். இலங்கை மலையகத்தில், எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறோம். சின்னதுகளுக்குப் பிரச்சினை இல்லை, ரூம் டு ரீட் நிறுவனம் போட்ட படக்கதைகள் இருக்கின்றன, ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளைப் போனில் எடுத்தும் காட்டுவோம், அதிலேயே ஓடிவிடும். புலமைப்பரிசில் பரீட்சை முடித்துவிட்டு வருகிற 10 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகள்தான் அலுமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். படக்கதை அவர்களுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகப் படுகிறது, பெரியவர்கள் நாவல் எட்டவில்லை. இடையில் இருப்பதெல்லாம் ராஜா கதை, நீதிக்கதை, அதுவும் இல்லாவிட்டால் கட்டுரைக் கோவை.

ஆங்கிலத்தில் இந்த வயதுக்கென்றே மிடில் கிரேட் என்று ஒரு வகை இருக்கிறது. 8 முதல் 12 வயது வரையான வாசகருக்கு எழுதுவது. நாயகியும் கிட்டத்தட்ட அதே வயது, வீடு, கூட்டாளிகள், பள்ளிக்கூடம், தான் யார் என்ற குழப்பம், இதைச் சுற்றித்தான் கதை போகும். வேறு வேறு நாட்டில் இருந்து வந்த குடும்பங்கள், இரண்டு மதம் கலந்த குடும்பங்கள், இரண்டு மொழி பேசும் வீடுகள் என்று அதில் இப்போது நிறைய வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் எங்களிடம் வருகிற பிள்ளைகளையே பாருங்கள். ஒருத்தியின் அம்மா குவைத்தில், அம்மாயிதான் வளர்க்கிறார். இன்னொருத்தியின் அப்பா சிங்களவர், வீட்டுக்குள்ளேயே அப்பாவோடு ஒரு மொழி, அம்மாவோடு ஒரு மொழி. டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, நல்ல தமிழ் வாசிப்பு, ஆனால் "நீ தமிழா?" என்று யாராவது கேட்டால் பேசாமல் இருந்துவிடும். தாத்தாவின் கூடப் பிறந்தவர்கள் எல்லாம் இந்தியாவில் கூடலூர்ப் பக்கம் போய்விட்ட ஒருத்தி, அவர்களைப் போட்டோவில் மட்டும் தெரிந்தவள். இவர்களில் யாருமே தங்கள் வீட்டைப் போல ஒரு வீட்டைப் புத்தகத்தில் பார்த்ததில்லை.

எதை வாசித்துக் காட்டலாம்? ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நம்ம பக்கத்துக் கதையாக ஒன்று எழுதுவதென்றால் அது எப்படி இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து விரிவாகவே எழுதுங்கள்.

பண்டாரவளை ரீச்சர்:

தங்கச்சி, நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தை முதல் நாள் இரவு நான் வாசித்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள் ஒரு அத்தியாயத்தைத் தமிழில் என் வாயால் சொல்வேன், அவ்வளவுதான். வரிக்கு வரி மொழிபெயர்க்கப் போனால் பிள்ளைகள் தூங்கிவிடும்.

நான் முதலில் எடுத்தது 'தி நைட் டயரி'. வீரா ஹிரானந்தானி எழுதியது, 2018இல் வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி ஹானர் கிடைத்தது. 1947, இந்தியா பாகிஸ்தான் பிரிகிற நேரம். நிஷாவுக்கு 12 வயது, அப்பா இந்து, அம்மா முஸ்லிம், அம்மா பிள்ளைப்பேற்றிலேயே இறந்துவிட்டார். மீர்ப்பூர் காஸ் என்ற ஊரில் இருந்து எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். ஊரில் எல்லாரும் பக்கம் பிரிந்து நிற்கும்போது தான் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிஷா வாய் திறந்து பேச மாட்டாள், வெளியாட்களோடு சுத்தமாகப் பேச்சு வராது, அதற்குப் பதிலாக இரவில் டயரியில் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவாள். புத்தகம் முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

என் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது அந்தக் கடிதத்தைத்தான். சண்டை, எல்லை, அரசியல் எல்லாம் அவர்களுக்கு அடுத்தபட்சம். வெளிநாட்டில் அம்மா இருக்கிற ஒரு பிள்ளை, ஒற்றைக்கோடு போட்ட சி.ஆர். கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினாள். வட்ஸ்அப்பில் தினமும் அம்மாவோடு பேசுகிறவள்தான். ஆனால் போனில் "சாப்பிட்டியா, படிச்சியா, தம்பி என்ன செய்றான்" என்பதோடு நேரம் முடிந்துவிடும், அங்கே அம்மாவுக்கு வேலை காத்திருக்கும். போனில் சொல்ல முடியாததைத்தான் அவள் எழுதினாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அந்தப் புத்தகத்தில் வழிநடையில் தண்ணீர் இல்லாமல், நிஷாவோடு இரட்டையாகப் பிறந்த அமில் சாகப் பார்க்கிற இடம் வரும், வன்முறை வரும் பக்கங்களும் உண்டு. 10 வயதுக்கு அதைச் சுருக்கிச் சொல்லுங்கள், 13 வயதுக்கு அப்படியே சொல்லலாம். ஆனால் இந்தக் கதை முடிந்ததும் வீட்டுக்குப் போய் "நம்ம ஆட்களும் இப்படிப் போனாங்களா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. கேட்டு வந்து சொன்னதெல்லாம் பெரிய கதைகள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த நம்ம ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள் என்பதைப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வெறும் கணக்கு. ஆனால் ஒரு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அண்ணன் வீட்டுக்கு அந்த நாட்டுக் கடதாசி, தம்பி வீட்டுக்கு இந்த நாட்டுக் கடதாசி வந்தது, கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள் என்று சொந்த அம்மாயி வாயால் கேட்டால் அது வேறு. உங்கள் கூடலூர்ப் பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் சொல்லுங்கள்.

கம்பளை_வாசிப்பு:

அந்த டவுன் கடை வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதியதை வாசித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள். வீட்டில் தமிழ், ஓதுவது அரபு, கடைக்கு வருகிறவர்களோடு சிங்களம். மூன்றும் என்னுடையதுதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

ஹெனா கான் எழுதிய 'அமினாஸ் வாய்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, 2017. அமினா அமெரிக்காவில் இருக்கிற பாகிஸ்தான் குடும்பத்துப் பிள்ளை, நன்றாகப் பாடுவாள், ஆனால் மேடை ஏறப் பயம். பாகிஸ்தானில் இருந்து வந்து தங்குகிற பெரியப்பா பாட்டு மார்க்கத்துக்குச் சரியில்லை என்கிற மாதிரிச் சொல்லிவிடுவார், அதில் இருந்து அவளுக்குள் ஒரே குழப்பம். அந்தப் பெரியப்பாவை வில்லனாகக் காட்டாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது. அவரும் பாசமானவர், அமினாவுக்கு அவரைப் பிடிக்கவும் செய்யும், அதனால்தான் அந்தச் சொல் அவளுக்கு அவ்வளவு வலிக்கிறது. நம்ம வீடுகளிலும் அப்படித்தானே, கெட்டவர் சொன்னால் தட்டிவிட்டுப் போய்விடலாம், பாசமான பெரியம்மா சொன்னால் ராத்திரி தூக்கம் வராது.

அவளுடைய கூட்டாளி சூஜின் கொரியப் பிள்ளை. குடும்பத்துக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடைக்கப் போகிறது, அந்த நேரத்தில் பெயரையும் அமெரிக்கப் பெயராக மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பாள். பிரஜாவுரிமை என்றால் என்ன என்று மலையகத்துப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை, அந்த இடத்தில் கட்டாயம் ஒரு கதை கிளம்பும். பள்ளிவாசல் தாக்கப்படுகிற பகுதியும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது முஸ்லிம் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் எல்லாரும் அதன் முகத்தைத் திரும்பிப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

மஸ்கெலியா_பழையவன்:

நல்ல முயற்சி மகள். ஆனால் நம்ம பக்கத்துக் கதை எழுதுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி யாராவது எழுதினால் உடனே ஒழுகிற கூரை, அட்டைக்கடி, குடிக்கிற அப்பா என்று தொடங்குகிறார்கள். எல்லாம் உண்மைதான், நான் லயத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியாததா? ஆனால் 11 வயதுப் பிள்ளை அதை வாசித்தால் தன்னைப் பார்த்து யாரோ உச்சுக் கொட்டுவது போல உணரும், புத்தகத்தை மூடிவிடும். அதேபோல வரலாற்றை எல்லாம் கொண்டுவந்து அம்மாயி வாயில் திணித்து பக்கம் பக்கமாகப் பேசவைப்பதும் வேண்டாம்.

ரீச்சர் சொன்ன புத்தகத்தையும் தங்கச்சி சொன்னதையும் யோசித்துப் பாருங்கள். அமினாவுக்குப் பாட வேண்டும். நிஷாவுக்குச் சமையல்கட்டில் நிற்க வேண்டும், வாய் திறந்து பேச வேண்டும். பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு ஆசை இருக்கிறது, குடும்பமும் நாடும் அந்த ஆசைக்குக் குறுக்கே வந்து நிற்கும்போதுதான் கதை நகர்கிறது. கெல்லி யாங் எழுதிய 'ஃப்ரண்ட் டெஸ்க்'கை என் பேத்தி எனக்கு வாசித்துச் சொன்னாள். சீனாவில் இருந்து போன குடும்பம், மோட்டல் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார்கள், மியாவுக்கு 10 வயது, முன்மேசையில் அவள்தான் நிற்பாள். முதலாளி சொன்ன சம்பளத்தைத் தராமல் குறைத்துக்கொண்டே போவார். தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடக் கிட்டிய கதை வேண்டுமா? கொழுந்து நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேர் ஆகிற, அதாவது முழுநாள் சம்பளம் அரைநாள் சம்பளமாகிற கணக்கு நம்ம பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலேயே தெரியும். ஆனால் மியா அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவளுக்கு எழுத்தாளராக வேண்டும், மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்துக் காரியம் சாதிப்பாள்.

அப்படியானால் நம்ம கதை எங்கே இருக்கிறது? அப்பா சிங்களவர் என்கிற பிள்ளை இருக்கிறாளே, அவளுக்குத் தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சுக்கு நிற்க ஆசை என்று வையுங்கள். நன்றாகப் பேசுகிறாள், தெரிவாகிவிட்டாள், ஆனால் அவளை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டுவிடுகிறார். அப்பாவுக்குத் தமிழ் சரியாக வராது, இருந்தாலும் ராத்திரி இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறித்துக் கொடுக்கிறார். இதில் எவ்வளவு இருக்கிறது! சிரிப்பு இருக்கும், கோபம் இருக்கும், கூட்டாளிச் சண்டை இருக்கும். லயம் தானாகவே பின்னால் தெரியும்.

வரலாறு வேண்டும் என்றால் ஒரு இடத்தில், பெட்டியில் இருந்து கடதாசி எடுக்கும்போது வரட்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? வம்சாவழியில் பிரஜை என்றால் அப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பனின் அப்பனும் அவனுடைய அப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அம்மாவும் அம்மாயியும் வளர்த்த பிள்ளை அதைத் தெரிந்துகொண்டால் என்ன கேட்பாள் என்று யோசியுங்கள். அவள் கேட்கிற ஒரு கேள்வி போதும், பத்துப் பக்கம் விளக்கம் வேண்டாம்.

ஹட்டன்_வாசகி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அந்தப் போட்டிக் கதையை நீங்களே எழுதினால் என்ன? நான் உண்மையாகத்தான் கேட்கிறேன். பேச்சை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினால் பள்ளிக்கூடத்தில் பிழை என்று சிவப்புப் பேனையால் கோடு போடுவார்கள் என்று ஒரு பெற்றோர் சொன்னார்.

ரீச்சர், புத்தகங்களைப் போட்டோகொப்பி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பண்டாரவளை ரீச்சர்:

போட்டோகொப்பி வேண்டாம் தங்கச்சி. அந்த மூன்று புத்தகத்துக்கும் பதிப்புரிமை இருக்கிறது, தமிழில் மொழிபெயர்த்து அச்சடிக்க வேண்டும் என்றாலும் பதிப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லுங்கள். ஸ்டோரிவீவரில் இருக்கிற கதைகள் மட்டும் வேறு மாதிரி, திறந்த உரிமத்தில் இருக்கின்றன, நாமே மொழிபெயர்த்து அங்கேயே ஏற்றலாம், அச்செடுத்தும் கொடுக்கலாம். நாலாம் நிலைக் கதைகள் 10 வயதுக்குச் சரியாக இருக்கும், அதற்கு மேல் அங்கே அவ்வளவாக இல்லை.

பேச்சு விஷயத்தில் நான் செய்வது: கதை சொல்கிறவரின் வரி எழுத்துத் தமிழில், பாத்திரம் வாய் திறந்தால் வீட்டுத் தமிழில். பெரியவர்கள் சிறுகதையில் இதைத்தான் எவ்வளவோ காலமாகச் செய்துவருகிறார்கள், பிள்ளைகளுக்கு எழுதும்போது மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? அம்மாயி புத்தகத் தமிழில் பேசினால் பிள்ளைகள் அந்த வரியிலேயே நம்பிக்கை இழந்துவிடும்.

மஸ்கெலியா_பழையவன்:

எழுதிப் பார்க்கிறேன் மகள். ஆனால் ஒரு நிபந்தனை, ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் உங்கள் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி எங்கே அலுப்புத் தட்டியது என்று கேட்டு எனக்கு அப்படியே சொல்ல வேண்டும். முக்கியமாக அந்த இரண்டு மொழி வீட்டுப் பிள்ளைக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். அவளுடைய வீட்டுச் சங்கதி எதுவும் உள்ளே வராது, பெயர், ஊர், தொழில் எல்லாம் மாற்றிவிடுவேன், அப்படியும் வேண்டாம் என்றால் வேறு கதை யோசிக்கலாம்.

கம்பளை_வாசிப்பு:

ஐயா, அதில் கூட்டாளிப் பிள்ளை ஒன்று வரும்தானே, அவளை முஸ்லிம் பிள்ளையாக வையுங்கள். நோன்பு, பெருநாள் இரண்டுக்கும் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிற பிள்ளையாக வேண்டாம், பேச்சை எழுதிக்கொடுத்துச் சண்டை போடுகிறவளாக இருக்கட்டும். வீட்டு விஷயங்களில் ஏதாவது சரிபார்க்க வேண்டும் என்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள், உம்மாவிடமும் கேட்டுச் சொல்கிறேன். அக்கா, 'அமினாஸ் வாய்ஸ்' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, ஹட்டன் பஸ்ஸில் யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.