பயிற்சியாளரிடம் என்ன சொன்னீர்கள்? சிறுவர் கால்பந்து ஆட்டங்களில் நடந்தவை

நடுவராகப் பதினோரு ஆண்டுகள் ஆனவர்:

12 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இரு அணிகளும் ஆளுக்கொரு கோல். பெனால்டி பகுதிக்குள் பந்து ஒரு சிறுவனின் முழங்காலில் பட்டுத் தெறித்து, விலாவோடு ஒட்டியிருந்த அவன் கையில் பட்டது. நான் விசில் ஊதவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் "கையில் பட்டதே! கையில் பட்டதே!" என்று கத்திக்கொண்டு கோடு வரை வந்துவிட்டார்.

அதுவரை என் வழக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவது. பயிற்சியாளருக்குப் பதில் சொன்னால் நம் முடிவில் நமக்கே நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்கள் என்று மூத்த நடுவர் ஒருவர் சொல்லியிருந்தார். அன்று அடுத்த த்ரோ-இன் அவர் அருகிலேயே அமைந்தது. கடந்துபோகும்போது, "பட்டது, பார்த்தேன். கை உடலோடு ஒட்டியிருந்தது. பந்தை நோக்கி அவன் கையைக் கொண்டுபோகவில்லை" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டார். என் முடிவை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் கோபத்தில் பாதி, நான் பார்க்கவே இல்லை என்ற எண்ணத்தால் வந்தது. அந்தப் பாதி தணிந்தது. இப்போதெல்லாம் பதிலைப் "பார்த்தேன்" என்றோ "நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை" என்றோதான் தொடங்குகிறேன். இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

தவறு என் பக்கம் இருந்த நாள் இன்னும் கடினம். கோல் கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கார்னர் கொடுத்துவிட்டேன். அந்தக் கார்னரிலேயே கோல் விழுந்தது. அதன் பிறகுதான், கடைசியாகப் பந்தைத் தொட்டவன் தாக்கும் அணிக்காரன் என்று துணை நடுவர் சொன்னார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் அந்த முடிவை மாற்ற, நடுவரைப் பற்றிய கால்பந்து விதி 5 இடம் தருவதில்லை. கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளரிடம் போய், "கார்னர் கொடுத்தது என் தவறு. கார்னர் அடித்துவிட்டதால் இனி மாற்ற முடியாது" என்றேன். சில நொடிகள் என்னையே பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நடுவர் பேசிவிட்டார், நடுவட்டத்துக்குப் பந்தைக் கொண்டுபோங்கள்" என்றார். அந்த அணி தோற்றது. அந்தக் கோல் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆனால் அவரிடம் மறைத்திருந்தால் இன்னும் அதிகமாக உறுத்தியிருக்கும்.

இரண்டாம் ஆண்டு நடுவர்:

நான் பேசாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். 2019 முதல் பயிற்சியாளர் போன்ற அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். மாற்று வீரர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து யாரோ என்னை மோசமாகத் திட்டினார். திரும்பிப் பார்த்தபோது மூன்று பெரியவர்கள் நின்றிருந்தார்கள், யார் என்று தெரியவில்லை. யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கிருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கே தண்டனை என்பது விதி. திட்டியதற்குச் சிவப்பு அட்டைதான். காட்டினேன். "நான் வாயே திறக்கவில்லையே!" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த விதி அவருக்குத் தெரியாது. அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கைகுலுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்: "உங்கள் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு குரலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு." அரை நிமிடம் கூட ஆவதில்லை. உதவிப் பயிற்சியாளர்களை அவர்களே அடக்கிக்கொள்கிறார்கள்.

பெற்றோர் கத்தினால் நான் அவர்களிடம் போவதே இல்லை. பயிற்சியாளரைத்தான் போகச் சொல்வேன். அவர் சொல்லைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

பயிற்சியாளர், 13 வயதுக்குட்பட்டோர் அணி:

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். ஓர் ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் கொடி பிடித்த துணை நடுவரைக் கத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு ஆஃப்சைடுகளை அவர் தவறவிட்டதாக அப்போது உறுதியாக நம்பினேன். இடைவேளையில் நடுவர் என்னைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில், "அந்தப் பெண்ணுக்கு உங்கள் பிள்ளைகளைவிட இரண்டு வயதுதான் அதிகம். உங்கள் கேள்விகளை இனி என்னிடம் கேளுங்கள்" என்றார். அட்டை காட்டவில்லை. அதட்டவும் இல்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பெண் என் பக்கத்துக் கோட்டில் ஓடும்போதெல்லாம் தலை குனிந்தபடியே இருந்தாள். அப்போதுதான் என் குரல் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்று சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும்போது, "பிள்ளைகளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். என் அணியில் காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு விசில் கேட்காது. முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலான நடுவர்கள் விசில் ஊதும்போது அவன் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துகிறார்கள். அவனும் உடனே நின்றுவிடுகிறான். ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தோம், சொல்ல மறந்துவிட்டேன். எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்த பிறகும் அவன் பந்தோடு ஓடிக் கோலை நோக்கி அடித்தான். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக மஞ்சள் அட்டை. என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இடைவேளையில் நடுவரிடம் போய்ச் சொன்னேன். காட்டிய அட்டையை அவரால் திரும்பப் பெற முடியவில்லை. ஆனால் இரண்டாம் பாதி தொடங்கும் முன் அவனிடம் போனார். விசிலைக் காட்டினார், பிறகு கையை உயர்த்திக் காட்டினார். பையன் தானும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினான்.